பாயின்ட் காலணிக்காகப் பள்ளி மாறலாமா?

சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்றில் படிக்கும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். ஏழு வயதில், வீட்டுக்கு அருகிலுள்ள சமூக மன்றத்தில் அவள் பாலே நடனம் கற்கத் தொடங்கினாள். இப்போது அவளுக்கு வயது 13. வாரத்துக்கு ஒரு வகுப்பு, சனிக்கிழமை காலையில். உடன் சேர்ந்தவர்களில் பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். அவள் மட்டும் தொடர்ந்து வருகிறாள். அதே ஆசிரியை, அதே கண்ணாடி பதித்த அறை.

சென்ற மாதம், வேறொரு பள்ளியில் பாலே பயிலும் தோழி ஒரு படத்தை அனுப்பினாள். பளபளக்கும் இளஞ்சிவப்புத் துணியில் தைத்த ஒரு சோடி பாயின்ட் காலணி. அதன் கீழே "எனக்குக் கிடைத்துவிட்டது!" என்று ஒரு வரி. அன்று முதல் இவளுக்கு வேறு நினைவே இல்லை.

ஆசிரியையிடம் கேட்டபோது, "அதற்கு இன்னும் காலம் இருக்கிறது" என்றார். தோழி பயிலும் பள்ளியோ, "வந்து சேருங்கள், அடுத்த பருவத்திலேயே பாயின்ட் தொடங்கிவிடலாம்" என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டது. "ஆறு வருடம் சொல்லிக்கொடுத்த டீச்சரை ஒரு காலணிக்காக விட்டுவிடுவதா?" என்று அம்மா கேட்கிறார். "பணம் கட்டுவது நாம்தானே, எங்கே நன்றாகக் கற்க முடியுமோ அங்கே போகட்டும்" என்கிறார் அப்பா.

இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால், எந்தக் கால் அந்தக் காலணிக்குள் போகப்போகிறதோ, அந்தக் காலைப் பற்றி இருவருமே பேசவில்லை. தொலைபேசியில் இடம் கொடுத்த பள்ளியும் அதைப் பார்க்கவில்லை. பள்ளி மாறலாமா வேண்டாமா என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாயின்ட் என்பது கால்விரல்களின் நுனியில் நின்று ஆடும் முறை. குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நிற்பது பல நடனங்களில் உண்டு. இதில் உடலின் எடை முழுவதும் விரல்நுனிக்கு வந்துவிடுகிறது. காலணிக்குள் மரக்கட்டை இருக்கிறது, அதுதான் ஆடுபவரைத் தாங்குகிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. மரபான முறையில் செய்யும் காலணியின் முன்பகுதி, துணியையும் காகிதத்தையும் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டி, காயவைத்து இறுகச் செய்தது. பாதத்தின் அடியில் ஒரு கெட்டியான பட்டை. மேலே சாட்டின் துணி. சூடும் வியர்வையும் படப் பட அது தளர்ந்து போகும். தொழில்முறைக் கலைஞர்கள் ஒரே நிகழ்ச்சியில் ஒரு சோடியைத் தீர்த்துவிடுவதும் உண்டு. இப்படிக் காகிதமும் பசையுமாக உள்ள ஒன்று, வலுவில்லாத காலைத் தூக்கி நிறுத்துமா?

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1832இல் பாரிசில் 'லா சில்ஃபீட்' என்ற பாலே நாடகம் அரங்கேறியது. அதில் விரல்நுனியில் ஆடிப் பெரும்புகழ் பெற்றவர் மரீ தாலியோனி. அவருக்கு முன்பே சிலர் விரல்நுனியில் எழும்பிக் காட்டியிருந்தார்கள். ஆனால், அதை வித்தையாகக் காட்டாமல் நடனமாக ஆக்கியவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அவர் அணிந்தது இன்றைய கெட்டிக் காலணி அன்று. மெல்லிய சாட்டின் செருப்பு. அதன் முனையில் நெருக்கமாகத் தையல் போட்டிருந்தார்கள், அவ்வளவே. அவருடைய தந்தையே ஆசிரியராக இருந்து நாள்தோறும் பல மணிநேரம் பயிற்சி கொடுத்து அந்தக் கால்களைத் தயார் செய்தார். இறுகிய காலணி பின்னால்தான் வந்தது.

அந்த இளஞ்சிவப்பு நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கால் நீளமாக, இடையில் வெட்டுப்படாமல் தெரிய வேண்டும் என்பதற்காகக் காலணியை ஆடுபவரின் தோல் நிறத்தை ஒட்டிச் செய்தார்கள். அந்தத் தோல் ஐரோப்பியருடையது. கறுத்த தோல் உடையவர்கள் காலணியின்மீது ஒப்பனைக் குழம்பைப் பூசி, தங்கள் நிறத்துக்குக் கொண்டுவந்து ஆடினார்கள். நியூயார்க்கில் 1969இல் தொடங்கிய ஹார்லம் நடனக் குழு, காலுறையையும் காலணியையும் கலைஞர்களின் தோல் நிறத்துக்கு ஏற்றபடி மாற்றியது. லண்டனைச் சேர்ந்த பெரிய காலணி நிறுவனம் ஒன்று, பழுப்பு நிறங்களில் பாயின்ட் காலணிகளைக் கடைக்குக் கொண்டுவந்தது 2018இல்தான். தோழி அனுப்பிய படத்தைப் பார்த்து ஏங்கும் நம் மாணவிக்கு இது தெரிந்திருப்பது நல்லது. அவள் காலுக்கு ஏற்ற நிறமும் இன்று உண்டு.

இனி, காலுக்கு வருவோம். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. 12, 13 வயதில் அவை இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒருவருக்கு விரைவாக முதிரும், மற்றவருக்குத் தாமதமாகும். ஆகவே, ஒரே வயதுடைய இரு தோழிகளில் ஒருத்திக்குப் பாயின்ட் ஏற்றதாகவும் மற்றவளுக்கு ஏற்காததாகவும் இருப்பதில் வியப்பில்லை. கணுக்காலும் பாதமும் வலுவாக இருந்தால் மட்டும் போதாது. வயிறும் இடுப்பும் உறுதியாக இல்லாவிட்டால் மேலுடம்பு ஆடும். அந்த ஆட்டத்தை எல்லாம் சரிசெய்கிற வேலை கணுக்காலின் தலையில் விழும். சுளுக்கு, குதிகாலுக்குப் பின்னுள்ள தசைநாணில் வலி, எலும்பில் மெல்லிய விரிசல் எல்லாம் அப்படித்தான் வருகின்றன.

நடனக் கலைஞர்களின் உடல்நலத்தை ஆராயும் அனைத்துலகச் சங்கம் ஒன்று இதற்கான வழிகாட்டிக் குறிப்புகளை வெளியிட்டிருக்கிறது. 12 வயதுக்கு முன் பாயின்ட் தொடங்க வேண்டாம் என்கிறது அது. வயிறும் இடுப்பும் வலுவில்லாவிட்டால் தள்ளிப்போடச் சொல்கிறது. பாதமும் கணுக்காலும் அளவுக்கு மீறி வளைபவர்களுக்கும் அப்படியே. அழகாக வளையும் பாதத்தைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. தொழில்முறைக் கலைஞராகும் எண்ணம் இல்லாமல் வாரத்துக்கு ஒரே ஒரு வகுப்புக்குப் போகிறவர்களைப் பாயின்ட் பக்கம் ஊக்குவிக்க வேண்டாம் என்றும் கூறுகிறது. வாரத்துக்கு இரண்டு வகுப்புக்குப் போகிறவர், மற்றக் குறைகள் இல்லாவிட்டால், நான்காம் ஆண்டில் தொடங்கலாம்.

இதை நம் மாணவிக்குப் பொருத்திப் பார்த்தால் செய்தி தெளிவாகிறது. வயது ஆகிவிட்டது. ஆண்டுகளும் ஆகிவிட்டன. குறைவது வாரத்துக்கு ஒரு வகுப்பு மட்டுமே என்பதுதான். ஆறு ஆண்டு என்று பெருமையாகச் சொன்னாலும், சனிக்கிழமைகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் அது அவ்வளவு பெரிய எண் அன்று. தோழி வாரத்துக்கு மூன்று நாள் போகிறாள் என்றால், அவளுக்குக் காலணி கிடைத்ததில் அநீதி எதுவும் இல்லை.

ஆகவே, ஆசிரியை சொன்ன "இன்னும் காலம் இருக்கிறது" என்பது பெரும்பாலும் சரியான பதில். ஆனால் அது போதுமான பதில் அன்று. ஏன் என்று அவர் சொல்லவில்லை. எது குறைகிறது, அதைச் சரிசெய்ய என்ன செய்யலாம், மறுபடி எப்போது பார்க்கலாம் என்பதையும் சொல்லவில்லை. பெரியவர்கள் காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்று நிறுத்திக்கொள்ளும்போது, பிள்ளைகள் தாங்களே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கிறார்கள். "என்னை அவருக்குப் பிடிக்கவில்லை", "என் உடல் பருமன்", "என் நிறம்" என்றெல்லாம் மனம் ஓடும். 13 வயதில் மனம் அப்படித்தான் ஓடும். ஒரு பருவத்துக்குப் பொறுத்திருக்கலாம். இரண்டு ஆண்டுகள் கேட்டும் இதே ஒற்றை வரிதான் வருகிறது என்றால், பள்ளி மாறுவதைப் பற்றி எண்ணுவதில் தவறே இல்லை.

தோழியின் பள்ளி சொன்னது இதைவிடக் கவலை தருகிறது. பார்க்காத காலுக்கு வாக்குக் கொடுக்கும் பள்ளியை எப்படி நம்புவது? பாயின்ட் காலணி பள்ளிகளுக்கு ஒரு விளம்பரமும்கூட. ஆண்டு விழா மேடையில் பத்துப் பேர் விரல்நுனியில் நின்றால், அரங்கில் அமர்ந்திருக்கும் பெற்றோர் அடுத்த பருவத்துக்குத் தங்கள் பிள்ளையைச் சேர்த்துவிடுவார்கள். எல்லாப் பள்ளிகளும் இந்த எண்ணத்தில் நடப்பதில்லை. தொலைபேசியை எடுத்தவர் நடனம் அறியாத அலுவலகப் பணியாளராகவும் இருக்கலாம். ஆனாலும், ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி இந்த இடத்தில் சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

நேரில் போய்ப் பார்த்தால் பல உண்மைகள் விளங்கிவிடும். பெரும்பாலான பள்ளிகள் ஒரு முன்னோட்ட வகுப்புக்கு அனுமதிக்கின்றன. அங்கே போகிறவர் கடைசி வரிசையில் நின்று ஆடினால் மட்டும் போதாது; கண்ணும் வேலை செய்ய வேண்டும். தரையைப் பார்க்க வேண்டும். சிமெண்டுத் தரைமேல் ஒட்டிய விரிப்பா, குதித்தால் சற்றே இணங்கிக் கொடுக்கும் மரத்தளமா? பாயின்ட் ஆடும் மூத்த மாணவிகளைப் பார்க்க வேண்டும். முழங்கால் நேராக நிற்கிறதா, விரல்நுனிக்கு முழுதும் ஏறாமல் பாதி வழியில் தொங்குகிறார்களா, கணுக்கால் பக்கவாட்டில் சாய்கிறதா? ஆசிரியர் அதைக் கண்டு திருத்துகிறாரா, கைத்தட்டிவிட்டு அடுத்த பாடலைப் போடுகிறாரா? புதிதாக வந்தவளை ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்க்கும் ஆசிரியர், "கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு மெதுவாகக் குதிகாலை உயர்த்து, இருபது முறை எண்ணு" என்று சொல்லும் ஆசிரியர், முன்பு எங்கேயாவது அடிபட்டதா என்று கேட்கும் ஆசிரியர் கிடைத்தால், அந்தப் பள்ளியைப் பற்றி மேற்கொண்டு பேசலாம். அவர் அதற்குப் பிறகு "இன்னும் ஆறு மாதம் ஆகும்" என்று சொன்னாலும் மனம் சுருங்க வேண்டியதில்லை.

நம் மக்களுக்கு இந்தக் காத்திருப்பு புதிதன்று. பரதநாட்டியம் பயிலும் பிள்ளைகள் முதல் நாளே சலங்கை கட்டுவதில்லை. அரைமண்டியில் அமர்ந்து தட்டடவும் நாட்டடவும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பழகிய பிறகு, ஆசிரியர் தகுதி பார்த்துச் சலங்கைப் பூசைக்கு நாள் குறிக்கிறார். கடையில் சலங்கை கிடைக்கிறதே என்று யாரும் தாமாக வாங்கிக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வருவதில்லை. பாயின்ட் காலணியையும் அப்படி நினைத்தால் பாதி ஏக்கம் தணிந்துவிடும். ஒரு வேறுபாடு உண்டு. சலங்கையைச் சற்று முன்னதாகக் கட்டினால் தாளம்தான் கெடும். இங்கே கணுக்கால் கெடும்.

அம்மா கேட்ட கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை. ஆசிரியரை விட்டுப் போவது துரோகமா? குருவைத் தெய்வத்துக்கு ஒப்பாக வைத்துப் பழகிய குடும்பங்களில் இது எளிய கேள்வி அன்று. ஆனால், கலை வரலாற்றில் ஒரே ஆசிரியரிடம் தங்கியவர்களைப் போலவே பலரிடம் பயின்றவர்களும் இருக்கிறார்கள். ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் பயின்றது பாலேதான். ரஷ்யக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி அவருக்குக் கற்பித்தார். இந்தியாவின் சொந்த நடனத்தைத் தேடிப் போகும்படி தூண்டியவரே பாவ்லோவாதான். அதன் பிறகு, முப்பது வயதை ஒட்டி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் ருக்மிணி தேவி சதிராட்டம் பயின்றார். 1936இல் கலாக்ஷேத்திரா தோன்றியது. மலேசியாவின் ரம்லி இப்ராஹிம் ஆஸ்திரேலியாவில் பாலே பயின்றவர். அடையாறு லட்சுமணனிடம் பரதநாட்டியமும் தேவபிரசாத் தாசிடம் ஒடிசியும் கற்றவர். ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் போனதால் இவர்கள் யாரையும் அவமதித்துவிடவில்லை.

எப்படிப் போகிறோம் என்பதில்தான் மரியாதை இருக்கிறது. பருவக் கட்டணம் முடிந்தவுடன் சத்தமில்லாமல் நின்றுவிடுவது, ஆசிரியர் கேட்டால் "படிப்பு அதிகமாகிவிட்டது" என்று குறுஞ்செய்தி அனுப்புவது, ஒரு மாதம் கழித்துப் புதிய பள்ளியின் சீருடையில் படம் போடுவது எல்லாம் நடக்கத்தான் செய்கின்றன. ஆறு ஆண்டு தன் பாதத்தைக் கையால் பிடித்துத் திருத்தியவரிடம் ஐந்து நிமிடம் நேரில் பேசிவிட்டுப் போகலாம். அம்மா பேசுவதைவிட மாணவியே பேசுவது நல்லது. 13 வயது அதற்குப் போதும்.

செலவைப் பற்றியும் வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். சமூக மன்ற வகுப்புக்கும் தனியார் பள்ளி வகுப்புக்கும் கட்டணத்தில் பெரிய இடைவெளி உண்டு. பாயின்ட் காலணி ஒரு சோடி நூறு வெள்ளியைத் தொடுவது சாதாரணம். அதுவும் நெடுநாள் உழைக்காது. நம் வீடுகளில் பள்ளிக் காலணி வாங்கும்போது, "வளர்கிற பிள்ளை, ஓர் அளவு பெரியதாகவே எடு" என்பார்கள். பாயின்ட் காலணியில் அந்தச் சிக்கனம் ஆபத்து. தளர்ந்த காலணிக்குள் கால் கீழே சரிந்து விரல்கள் நசுங்கும். பெரியம்மா மகள் போட்ட பழைய காலணியும் உதவாது. அது அவள் காலின் வடிவத்துக்கு ஏற்கெனவே படிந்துவிட்டிருக்கும். விவரம் தெரிந்த கடைக்காரரிடம் போய், நிறுத்திப் பார்த்து, அளந்துதான் வாங்க வேண்டும்.

பாயின்ட் இல்லாவிட்டால் பாலேயில் மேலே போக முடியாது என்ற எண்ணமும் சிலருக்கு இருக்கிறது. இங்கே பலர் எழுதும் தேர்வுகளை நடத்தும் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் 1920இல் லண்டனில் தொடங்கியது. அதன் பொதுநிலைத் தேர்வுகளில் எட்டாம் நிலை வரை பாயின்ட் இல்லாமலேயே போகலாம். தொழில்முறையை நோக்கிப் போகிறவர்களுக்கான தனி வரிசையில்தான் அது கட்டாயமாக வருகிறது. அந்த வழியில் போக விரும்பினால் சிங்கப்பூரிலேயே இடம் உண்டு. சிங்கப்பூர் பாலே அகாடமி 1958இல் தோன்றியது. 1988இல் தொடங்கிய நடனக் குழு இன்று சிங்கப்பூர் பாலே என்ற பெயரில் ஆடிவருகிறது. ஆனால் அந்த வழிக்கு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ஒருநாளும் போதாது. தனக்கு எது வேண்டும் என்று நம் மாணவி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நடனமா, நடனக் கலைஞர் என்ற வாழ்க்கையா, அல்லது தோழியின் படத்தைப் போல ஒரு படமா? மூன்றாவதை விரும்புவதும் பெரிய குற்றம் அன்று. அதற்காகப் பள்ளி மாறுவதுதான் அதிகம்.

அவள் செய்யக்கூடிய முதல் வேலை மிகச் சிறியது. அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்த பின், மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்து, "டீச்சர், என் காலில் எது இன்னும் தயாராகவில்லை?" என்று கேட்கலாம். "எப்போது பாயின்ட்?" என்று கேட்டால் பழைய வரிதான் வரும். இந்தக் கேள்விக்கு ஆசிரியை அவள் காலைப் பார்த்தாக வேண்டும்.

அவள் கேட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். ஆசிரியை அவளைக் கண்ணாடிமுன் ஒற்றைக் காலில் நிறுத்தி எண்ணச் சொல்கிறார். வலது காலில் இருபது வந்துவிடுகிறது. இடது காலில் பதினான்காவது முறை குதிகால் இறங்கத் தொடங்கி, பதினாறில் கணுக்கால் வெளிப்பக்கம் சாய்கிறது. "பார்த்தாயா?" என்று ஆசிரியை கண்ணாடியைக் காட்டுகிறார். வாரத்துக்கு ஒரு வகுப்பில் இதைச் சரிசெய்ய முடியாது என்றும், இந்த மன்றத்தில் இரண்டாவது வகுப்புக்கு அறை கிடைப்பதில்லை என்றும் முதன்முறையாக வாய்விட்டுச் சொல்கிறார். வேறொரு மன்றத்தில் புதன்கிழமை மாலை தாம் எடுக்கும் வகுப்பு ஒன்று உண்டு. அது ஒத்துவராவிட்டால் போய்ப் பார்க்கத்தக்க இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தோழி பயிலும் பள்ளிதான். "ஆனால் தொலைபேசியில் கேட்காதே. நேரில் போய் இடது காலைக் காட்டு" என்கிறார்.

அவள் தலையசைத்துவிட்டுக் காலணியைக் கழற்றுகிறாள். புதன்கிழமை மாலை தனக்கு இணைப்பாட நடவடிக்கை இருப்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வருகிறது.